குரல் எனும் அமானிதம் – பிரெஞ்சுப் பாரிடோன் பாடகர்களை முன்வைத்து

இயல், இசை, நாடகம் என மொழியை மூவகையாகப் பகுத்துப் போற்றியது நம் மரபு. இம்மூன்றும் ஒரே மேடையில் ஒன்றுகூடி நிற்கும் கலைவடிவம் ஒன்று ஐரோப்பாவில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகின்றது. அதனை ஆப்பெரா என்பர். கதைமாந்தரின் உரையாடல் பெரும்பாலும் பாட்டாகவே அமையும் இசை நாடகம் அது. அம்மேடையில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. ஐம்பது, அறுபது இசைக்கருவிகள் ஒருங்கே முழங்கும்போதும், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்குச் சொல் விளங்கும்படி பாடியாக வேண்டும். பாரிசில் 1989ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பஸ்தீய் ஆப்பெரா அரங்கில் ஏறத்தாழ 2,700 இருக்கைகள் உள்ளன. அத்தனை பேரின் செவிக்கும் தன் சொல்லைக் கொண்டு சேர்க்கப் பாடகனுக்கு வாய்த்த கருவி, விரல் நுனியளவே நீளமுள்ள இரண்டு குரல்நாண்கள் மட்டுமே.

ஆண்குரலை மேலைநாட்டு இசையறிஞர் மூன்றாகப் பகுப்பர். உச்சத்தில் ஒலிப்பது டெனர். அடியில் ஒலிப்பது பாஸ். இரண்டிற்கும் இடைப்பட்டது பாரிடோன். கனத்த ஒலியுடையது என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லினின்றும் இப்பெயர் வந்தது. காதலன் டெனராக வருவான். அரசரும் குருமாரும் பாஸாக வருவர். நண்பன், அண்ணன், தந்தை, பொறாமைக்காரன், சூழ்ச்சிக்காரன் ஆகியோர் பெரும்பாலும் பாரிடோனாக இருப்பர். உலகில் ஆண்களுள் பெரும்பாலோர்க்கு இயல்பாய் அமைந்த குரலும் இதுவே. ஆகையால் இசைநாடகக் குரல்களுள் நம் அன்றாடப் பேச்சுக்கு மிக அண்மையில் நிற்பது பாரிடோன் எனலாம்.

தமிழ் பயிற்றுவிக்கும் ஒருவருக்குப் பிரெஞ்சுப் பாடகர்களிடம் என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டும் மாணவர் வினவக்கூடும். அதற்கு விடை இரண்டு உண்டு. ஒன்று என் படிப்பைச் சார்ந்தது. மற்றொன்று என் தொண்டையைச் சார்ந்தது.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கென அமைப்பியல் திறனாய்வு நூல்களைப் பயின்ற காலத்தில், ரோலான் பார்த் என்னும் பிரெஞ்சுத் திறனாய்வாளரைப் படிக்க நேர்ந்தது. அவர் 1972இல் எழுதிய கட்டுரை ஒன்று குரலைப் பற்றியது. தம் இளமையில் தமக்கு இசை கற்பித்த சார்ல் பன்செரா என்னும் பாரிடோன் பாடகரை அக்கட்டுரையில் அவர் பெரிதும் போற்றுகின்றார். பாடகரின் பெயர் என் குறிப்பேட்டில் நின்றதேயன்றி, குரலைக் கேட்கும் எண்ணம் அன்று எழவில்லை.

அவ்வெண்ணம் எழுந்தது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. பகுதி ஒன்று தமிழ் வகுப்பு எத்தகையது என்பதை இத்துறையைச் சார்ந்த அனைவரும் அறிவர். எழுபது, எண்பது மாணவர் நிறைந்த கூடம். தலைக்கு மேல் இரையும் மின்விசிறிகள். சாளரத்துக்கு வெளியே சாலை. அங்கே நின்று சீறாப்புராணச் செய்யுளைக் கடைசி இருக்கைவரை கேட்கும்படி ஓதியே ஆண்டுகள் பல சென்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் குரல் கம்மத் தொடங்கி, மாலையானால் முற்றும் அடங்கிப் போயிற்று. குரல்நாண்களில் சிறு கணுக்கள் தோன்றியுள்ளன என்றார் மருத்துவர். பாடகர்க்கும் ஆசிரியர்க்கும் மிகுதியாய் வரும் தொழில்நோய் இது. சில வாரங்கள் பேசவே கூடாது, கிசுகிசுப்பதும் தீங்கு, அதன் பின்னரும் பழைய குரல் முழுமையாய்த் திரும்பும் என உறுதி கூற இயலாது என்பது அவர் உரைத்த முடிவு.

பேசாதிருந்த அந்நாட்களில்தான் பன்செராவைத் தேடிக் கேட்டேன். அவரிலிருந்து பின்னோக்கியும் முன்னோக்கியும் சென்று, இருநூறு ஆண்டுக்காலப் பிரெஞ்சுப் பாரிடோன்களின் வாழ்வைத் தொடர்ந்து படித்தேன். நான் தேடியது இசையறிவன்று. குரலை நம்பி வாழ்ந்தவர்கள் அக்குரல் மாறும்போது என் செய்தனர் என்பதே என் வினா.

பதினெட்டாம் நூற்றாண்டு வரை பாரிடோன் என்பது தனியொரு வகையாக நிலைபெறவில்லை. அதனைப் பாஸ் குரலின் ஒரு பிரிவாகவே கொண்டனர். பாரிசில் பாடிய ழான் பிளேஸ் மார்த்தேன் (1768–1837) என்பவரின் குரல் டெனரை எட்டும் உயரமும் இலேசும் உடையது. அத்தகைய குரல் இன்றுவரை அவர் பெயராலேயே 'மார்த்தேன் பாரிடோன்' என வழங்கப்பெறுகின்றது. ஒரு மனிதனின் தொண்டை மறைந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகியும், அதன் பெயர் ஓர் இலக்கணக் குறியீடுபோல் நின்று நிலவுவது வியப்பிற்குரியது.

அவருக்குப் பின் வந்தவர் ழான் பாப்டிஸ்ட் ஃபோர் (1830–1914). இத்தாலிய இசைமேதை வெர்டி, பாரிசு ஆப்பெராவிற்கெனப் பிரெஞ்சு மொழியில் இயற்றிய 'தோன் கார்லோஸ்' 1867இல் அரங்கேறியபோது, நண்பனுக்காக உயிர்விடும் போசா என்னும் பாத்திரத்தை முதன்முதலில் ஏற்றவர் இவர். மறு ஆண்டு அம்ப்ருவாஸ் தொமா இயற்றிய 'ஹாம்லெட்' நாடகத்தின் தலைவனும் இவரே. அப்பாத்திரக் கோலத்தில் இவரை மானே என்னும் ஓவியர் தீட்டினார். புகழ் உச்சியில் இருந்தபோதே மானே முதலிய புதுநெறி ஓவியர்களின் படங்களை, உலகம் அவற்றை மதியாத காலத்தில், வாங்கிச் சேர்த்தவர் ஃபோர். மேடையை விட்டகன்ற பின் 1886இல் குரலையும் பாட்டையும் பற்றிப் பயிற்சி நூலொன்று வெளியிட்டார். தொண்டையில் இருந்ததைத் தாளில் இறக்கி வைத்துவிட்டுப் பின்னும் பல்லாண்டுகள் வாழ்ந்தார்.

மார்சேயில் பிறந்த விக்தோர் மொரெல் (1848–1923) இன்னும் பெரிய பேறு பெற்றவர். வெர்டியின் இறுதி நாடகங்கள் இரண்டிலும், 1887இல் 'ஒத்தெல்லோ'வின் இயாகோவாகவும் 1893இல் 'ஃபால்ஸ்டாஃப்' நாடகத்தின் தலைவனாகவும் மிலான் நகர மேடையில் முதலில் தோன்றியவர் இவரே. இத்தாலிய நாடகத்தின் இரு முடிமணிகளை ஒரு பிரெஞ்சுக்காரர் அணிந்தார் என்பது கருதத்தக்கது. ஆயின் என் உள்ளத்தில் நிற்பது அவர்தம் வெற்றியன்று. 1907இல் பதிவான சிறு இசைத்தட்டு ஒன்றே. கிழட்டுப் பருமன் ஃபால்ஸ்டாஃப், தான் இளம் ஏவலாளனாய் மெலிந்து துள்ளித் திரிந்த காலத்தை நினைத்துப் பாடும் பாட்டு அது. அரை நிமிடமே நீள்வது. அப்போது மொரெலுக்கு வயது ஏறத்தாழ அறுபது. குரலின் வளம் குன்றிவிட்டது. ஆயினும் சொல்லை எடுத்தெறியும் விரைவும் எள்ளலும் குன்றவில்லை. பதிவறையில் இருந்தோர் கைதட்டி மீண்டும் கேட்கின்றனர், மீண்டும் பாடுகின்றார். மூன்றாம் முறை தம் தாய்மொழியான பிரெஞ்சில் பாடுகின்றார். முதுமை இளமையை நினைக்கும் பாட்டை முதுமையே பாடுவதனால், தேய்ந்த குரல் அங்கே குறையாகத் தோன்றவில்லை, பொருளுக்குத் துணையாகின்றது. பேசவியலாது அமர்ந்திருந்த எனக்கு அந்த அரை நிமிடம் தந்த ஆறுதல் பெரிது. பிற்காலத்தில் அவர் நியூயார்க்கில் பாட்டுக் கற்பித்து, ஒரு நாடகத்திற்கு மேடைக்காட்சிகளும் வரைந்து கொடுத்தார்.

பிரெஞ்சு மொழியின் இயல்பை உள்ளவாறே இசையில் வடித்தவர் தெபுசி. அவருடைய 'பெலெயாஸும் மெலிசாந்தும்' 1902 ஏப்ரல் 30ஆம் நாள் ஆப்பெரா கொமிக் அரங்கில் அரங்கேறியது. பாட்டு எனத் தனித்து எடுத்துக் காட்ட அதில் ஏதுமில்லை எனலாம். தொடக்கம் முதல் இறுதிவரை பேச்சின் நடையே இசையாகிச் செல்லும். அதன் இளந்தலைவன் பெலெயாஸை முதலில் ஏற்றவர் ழான் பெரியே (1869–1954). குரற்பெருமையினும் சொல்திறத்தாலும் நடிப்பாலும் பெயர் பெற்றவர் அவர். செர்மானியப் படையின் பிடியில் பாரிசு இருந்த 1941இல் இந்நாடகம் முழுவதும் இசைத்தட்டாகப் பதிவாயிற்று. அதில் பெலெயாஸாகப் பாடியவர் ழாக் ஜான்சென். அந்நியர் ஆட்சிக்குட்பட்ட நகரொன்றில், அறைக்குள் அமர்ந்து சிலர் தம் மொழியின் நுண்ணொலிகளை ஒவ்வொன்றாய்ப் பதிவு செய்துகொண்டிருந்தனர் என்பது மொழியாசிரியர் எவரையும் நெகிழச் செய்யும்.

இனிப் பன்செராவிடம் வருவோம். ஜெனீவாவில் 1896இல் பிறந்து, முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் தாமே சேர்ந்து காயமுற்றவர் அவர். முதியவராகிச் செவிப்புலன் குன்றிய இசையமைப்பாளர் கப்ரியேல் ஃபோரே, தம் இறுதிப் பாடல் தொகுதியை இவருக்குக் காணிக்கையாக்கினார். (முன்னர்க் கூறிய ஃபோர் வேறு, இவர் வேறு.) பன்செரா 1949 முதல் பாரிசு இசைக்கல்லூரியில் ஆசிரியராய் விளங்கினார். இவரிடம் பாட்டுப் பயின்ற ரோலான் பார்த், நுரையீரல் நோயால் உடல்நல விடுதிகளில் ஆண்டுகள் சிலவற்றைக் கழிக்க நேர்ந்தவர். பாட இயலாது போன மாணவன் தன் ஆசானின் குரலை எழுத்தில் காப்பாற்ற முயன்றதே அக்கட்டுரை என இன்று எனக்குத் தோன்றுகின்றது.

பார்த் கூறுவதன் சாரம் இது. சில பாடகரிடத்தே நாம் கேட்பது மூச்சையும் உணர்ச்சியையும். பன்செராவிடத்தே கேட்பதோ நாவையும் பல்லையும் மூக்கையும் அண்ணத்தையும், அவை மொழியோடு உராயும் உராய்வையும். குரலுக்குள் இருக்கும் அவ்வுடம்பினைப் பார்த் ஒரு சொல்லால் சுட்டுகின்றார். மணி, இழை என்றெல்லாம் அதனைப் பெயர்த்துப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. 'மெய்' என்னும் சொல்லே பொருந்துகின்றது. உடம்பும் மெய், எழுத்தும் மெய், உண்மையும் மெய். எழுத்திற்கு உயிரும் உடம்பும் உண்டெனக் கண்ட மொழியில் பார்த்தின் கருத்து எளிதாய் வந்து அமர்ந்துகொள்கின்றது. மெய்யொலிகள் நெடுங்காலம் பலர் கையில் புழங்கிப் பதமான பொருளின் மழமழப்புடன் ஒலிக்க வேண்டும் என்பது பன்செரா மாணவர்க்குச் சொன்ன பாடம் என்றும் பார்த் குறிக்கின்றார். வலிந்து கத்துவதனால் சொல் தொலைவு செல்வதில்லை. இடமறிந்து ஒலிப்பதனாலேயே செல்கின்றது.

இதனை அறிவியலும் உறுதி செய்கின்றது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970களில் ஓர் உண்மையை விளக்கினார். இசைக்குழுவின் ஒலியாற்றல் நொடிக்கு ஏறத்தாழ 500 அதிர்வுகளை ஒட்டி உச்சம் கொண்டு, மேலே செல்லச் செல்லக் குறைந்துவிடுகின்றது. பயின்ற ஆண்பாடகனோ தொண்டையின் அறையை வடிவமைத்துக்கொண்டு, 3,000 அதிர்வுகளை ஒட்டித் தன் குரலின் ஆற்றலைத் திரட்டிக்கொள்கின்றான். பேரொலி இல்லாத அவ்விடைவெளியில் அவன் குரல் புகுந்து செவியை அடைகின்றது. ஆகவே இசைக்குழுவை வெல்வது வலிமை அன்று. இடைவெளி அறியும் பயிற்சியே. இதனைப் படித்தபோது, மின்விசிறிகளோடு ஆண்டுக்கணக்கில் போரிட்டு வந்த என் தொண்டை நினைவுக்கு வந்து சிரிப்பூட்டியது.

ஆயினும் பயிற்சி எத்தகையதாயினும் காலம் தன் பங்கை எடுத்துக்கொள்ளாமல் விடாது. ஆப்பெரா உலகின் நடைமுறை ஒன்றை ஈண்டுக் குறிப்பிட வேண்டும. பெரிய அரங்குகள் தம் பாடகர்களை மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. நாம் ஓர் அரங்கின் அடுத்த பருவ அட்டவணையில் ஒரு பாடகர் பெயரைக் காண்கிறோம் என்றால், அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு இசைந்துவிட்டார் என்பது பொருள். இன்று கையெழுத்திடும் நாற்பத்தைந்து வயதினர், நாற்பத்தொன்பது வயதில் தம் தொண்டை எப்படியிருக்கும் என்பதை இன்றே கணிக்க வேண்டும். உச்சத்தில் நொடிக்கு 392 முறை அதிரும் ஒலியை அன்றும் தம்மால் தாங்க முடியுமா? இளைஞன் வேடம் இன்னும் தமக்குப் பொருந்துமா? வரவிருக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியல் என்பது, ஒருவர் தம் உடம்பைப் பற்றித் தாமே எழுதிய மதிப்பீடு ஆகும்.

இம்மதிப்பீட்டைச் செவ்வனே செய்தவர் கப்ரியேல் பக்கியே. தென்பிரான்சில் பெசியேர் நகரில் 1924இல் பிறந்தவர். ஏக்ஸ் நகர விழாவில் 1960இல் மோட்சார்ட்டின் தோன் ஜியோவன்னியாகப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். பெண்களை மயக்கித் திரியும் செருக்குமிக்க பிரபுவின் வேடம் அது. அதே நாடகம் 1970களின் இறுதியில் சோல்ட்டியின் தலைமையில் பதிவானபோது, பக்கியே ஏற்றது அப்பிரபுவின் வேலைக்காரன் லெப்பொரெல்லோவை. தலைவனாய் நின்ற மேடையில் ஏவலனாய் வந்து நிற்க அவர் தயங்கவில்லை. அவ்வேடத்தில் தம் நகைச்சுவைக்கு வழி கண்டார். அக்காலத்திலேயே ஃபால்ஸ்டாஃபாகவும், பின்னர்க் கிழவன் தோன் பஸ்குவாலேயாகவும் பாடினார். தொண்ணூற்றாறாம் பிறந்தநாளுக்கு நான்கு நாட்களே இருக்கையில், 2020 மே மாதம் மறைந்தார்.

தெபுசியின் நாடகத்திலும் இத்தகைய படிநிலை ஒன்று உண்டு. பெலெயாஸ் இளையவன், அவன் அண்ணன் கோலோ காதோரம் நரைத்தவன், பொறாமையால் தம்பியைக் கொல்பவன். இளமையில் பெலெயாஸைப் பாடும் பாரிடோன், குரல் தடித்தபின் கோலோவாக மாறுவதுண்டு. 1955இல் பிறந்த ஃபிரான்சுவா ல ரூ பெலெயாஸாகப் பன்முறை பாடிப் பின்னர்க் கோலோவை ஏற்றவர். தாம் வாழ்ந்த இளமையைத் தாமே எதிர்நின்று பார்க்கும் வாய்ப்பு இது. வேறு எத்தொழிலில் இது கிட்டும்?

இப்பாடகர்களின் வாழ்வை மாற்றியது உடம்பின் முதுமை மட்டுமன்று. முன்னாளில் பாரிசின் அரங்குகளுக்கென நிலையான பாடகர் குழுக்கள் இருந்தன. அயல்நாட்டு நாடகங்களையும் பிரெஞ்சு மொழியில் பெயர்த்தே பாடினர். ஆப்பெரா கொமிக்கின் நிலைக்குழு 1972இல் கலைக்கப்பெற்றது. மூலமொழியிலேயே பாடுதல் எங்கும் வழக்கமாயிற்று. உலகெங்கும் பறந்து பாடுவோர் காலம் வந்தது. அதனால் மேடையின் தரம் உயர்ந்தது என்பர். எனினும் தம் சொல்லைத் தம் மக்களிடையே தம் மொழியில் நாள்தோறும் பாடும் வீடொன்றைப் பிரெஞ்சுப் பாடகர் இழந்தனர் என்பதும் உண்மையே. பாரிசு ஆப்பெரா 2023இல் மீண்டும் ஒரு நிலைக்குழுவை அமைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இன்றைய தலைமுறையிலும் பொறுமையின் பயனைக் காண்கிறோம். மொரெல் பிறந்த அதே மார்சேயில் 1968இல் பிறந்த லுதோவிக் தெசியே, முற்பகுதியில் மோட்சார்ட் முதலியோரின் பாத்திரங்களில் குரலை வளர்த்து, நாற்பதைக் கடந்தபின் வெர்டியின் கனத்த பாத்திரங்களில் முழுமை பெற்றார். ஃபோர் 1867இல் தொடங்கி வைத்த போசாவை, 2017இல் பஸ்தீய் அரங்கில் பிரெஞ்சு மொழியிலேயே பாடினார். 1975இல் பிறந்த ஸ்தெஃபான் தெகூ 2018இல் ஆப்பெரா கொமிக்கில் ஹாம்லெட்டாக நின்றார். அவ்வாண்டே லண்டனில் ஜார்ஜ் பெஞ்சமினின் புதிய நாடகத்தில் அரசனாகத் தோன்றினார். 2023இல் தெசியேயும் பஸ்தீயில் ஹாம்லெட்டைப் பாடினார். அப்போது அவர் ஐம்பதைத் தாண்டியவர். ஒரு பாத்திரம் நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு தொண்டையிலிருந்து மறுதொண்டைக்குக் கைமாறி வருகின்றது. பாத்திரம் எவர்க்கும் உடைமையன்று. சிலகாலம் காத்துப் பின் கொடுக்க வேண்டியது.

எங்கள் வீட்டு வழக்கில் அமானிதம் என்றொரு சொல் உண்டு. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள், கேட்கும்போது குறைவின்றித் திருப்பித் தர வேண்டியது என்பது அதன் பொருள். என் குரல் அடங்கிக் கிடந்த நாட்களில் என் உம்மா அடிக்கடி கூறியது இதுவே: "கொரலும் அமானிதம்தான். ஒன்னோடதுன்னு நெனச்சு எறச்சிடாதே." அவர் பக்கியேயை அறியார், ஆயினும் பக்கியேயின் வாழ்வு கூறுவதும் இதுவே.

என் குரல் பெரும்பாலும் திரும்பிவிட்டது. பழைய உச்சம் மட்டும் திரும்பவில்லை. இவ்வாண்டு பகுதி ஒன்று தமிழின் பெரிய வகுப்பினைத் துறையின் இளைய ஆசிரியர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். அதனைத் தருவது எளிதாக இருக்கவில்லை. அவ்வகுப்பில்தான் என் இருபது ஆண்டுகள் இருக்கின்றன. எனக்கு இப்போது பன்னிரண்டு முதுகலை மாணவர் கொண்ட சிறிய அறை. அங்கே குரலை உயர்த்த வேண்டுவதில்லை. ஒரு செய்யுளை மெதுவாகச் சொல்லி, ளகரமும் ழகரமும் நாவில் எங்கே பிறக்கின்றன என்று காட்டி, மாணவரையே ஓதச் செய்கிறேன். முன்னர் என் குரலில் நானே கேட்டிராத சில நயங்கள் அவர்களின் வாயில் கேட்கின்றன.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுள் பலர் நாளை ஆசிரியராக, வழக்கறிஞராக, சொற்பொழிவாளராகக் குரலால் வாழ்வீர்கள். அதனை அளவறிந்து செலவிடுங்கள், மெய்யொலிகளைத் திருத்தமாய் ஒலியுங்கள், நீரருந்துங்கள், களைத்தபோது வாய்மூடி ஓய்வு கொள்ளுங்கள். பாத்திரம் மாறும் வேளை வந்தால், அடுத்தவர் கையில் அதனைத் தந்துவிட்டு, உங்கள் வயதுக்குரிய பாத்திரத்தை மகிழ்வுடன் ஏற்றுக்கொள்ளுங்கள்.